மூன்று நாள் வித்தியாசம்

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சுண்டெலிக் குஞ்சின் மார்பைத் திறந்து, இதயத்துக்கு மேலே வெளுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், பால்குடி மறக்கும்வரை அது மற்ற குஞ்சுகளைப் போலவே இருக்கும். பிறகு இளைக்கத் தொடங்கும். முதுகு கூனும், ரோமம் சிலிர்த்து நிற்கும். பக்கத்துக் கூண்டு எலிகளை ஒன்றும் செய்யாத சாதாரணக் கிருமிகள் இதைக் கொன்றுவிடும். அதே சுரப்பியைப் பிறந்த மூன்றாம் நாள் எடுத்தால் கதை வேறு. அந்த எலிக்குக் கிருமியால் ஆபத்து இல்லை. அதன் நோயெதிர்ப்பு அமைப்பே அதன் சூலகத்தை அழித்துவிடுகிறது. சில எலிகளில் தைராய்டும் இரைப்பைச் சுவரும்கூடத் தப்புவதில்லை.

முதல் சோதனையின் முடிவு 1961-இல் வெளியானது, இரண்டாவது 1969-இல். நடுவில் உள்ள அந்த மூன்று நாள் வித்தியாசத்தை விளக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளக்கியவர்களுக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. டி செல் என்றால் உடம்பின் படைவீரன், கிருமியைக் கண்டால் பாய்வான் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் கதை பாதிக் கதைதான். யாரைத் தொடக் கூடாது என்பது அந்தச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்பது மீதி. அந்த மீதிதான் பெரிய பாதி என்பது என் எண்ணம்.

வேண்டாத சுரப்பி

1950-களின் இறுதியில் லண்டனில் ஆய்வு மாணவராக இருந்த ஜாக் மில்லர், தைமஸின் வேலை என்ன என்று தேடிப் போகவில்லை. சுண்டெலிகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸைப் பற்றித்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புற்று தைமஸில் தொடங்குவதால், சுரப்பியை முன்கூட்டியே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவே குஞ்சுகளுக்கு அறுவை செய்தார். வைரஸ் கொடுக்கப்படாத குஞ்சுகளும் நோயுற்றுச் செத்தன. அவற்றின் ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. வேறு இனச் சுண்டெலியின் தோலை ஒட்டவைத்தபோது அந்தத் தோல் உதிரவில்லை. நிலைத்து நின்று, வேற்று நிற ரோமத்தோடு வளர்ந்தது. அந்நியத் தோலை உதறித் தள்ளுவது எதுவோ, அது தைமஸிலிருந்து வருகிறது என்பது தெளிவாயிற்று.

அதுவரை இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? வளர்ந்த விலங்குகளில் தைமஸை எடுத்தால் பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. அதற்குள் சுரப்பி தன் செல்களை உடம்பெங்கும் அனுப்பி முடித்திருக்கும். மனிதரிலும் பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிக் கொழுப்பாக மாறத் தொடங்கிவிடுகிறது. உள்ளே பார்த்தால் செத்துக்கொண்டிருக்கும் லிம்போசைட்டுகள் குவிந்து கிடக்கும். ஆகவே அது அணுக்களின் இடுகாடு என்று முடிவு கட்டியிருந்தார்கள். உறுப்பு மாற்று ஆய்வில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர்கூட, மில்லரின் கட்டுரை வந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகும், தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பது பரிணாமத்தில் நேர்ந்த ஒரு தற்செயல் என்ற பொருளில் எழுதினார். பெரியவர்கள் தடுமாறிய இடம் என்பதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. லிம்போசைட்டுகளின் அந்தச் சாவுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அது பிடிபடாமல் போனதில் வியப்பில்லை.

மில்லர் பின்னர் மெல்போர்னுக்குப் போனார். அங்கே கிரஹாம் மிட்செலுடன் சேர்ந்து 1968-இல், லிம்போசைட்டுகள் இரண்டு வகை என்று நிறுவினார். எலும்பு மஜ்ஜையிலிருந்து நேரே வருவது ஒரு வகை. எதிர்ப்பொருளைச் சுரப்பது அதுதான். தைமஸ் வழியாக வருவது மற்றொன்று; அது எதிர்ப்பொருள் சுரப்பதில்லை, ஆனால் அது உதவாவிட்டால் முதல் வகையாலும் பெரும்பாலும் சுரக்க முடியாது. இன்று அவற்றை பி செல், டி செல் என்கிறோம். தைமஸின் முதலெழுத்துதான் அந்த ‘டி’.

நூற்றில் நான்கைந்து

மனிதனுக்கு இருப்பவை சுமார் 20,000 மரபணுக்கள். அவன் வாழ்நாளில் எதிர்கொள்ளக்கூடிய கிருமிகளின் புரதங்களுக்கோ கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு வைத்துக் கட்டாது. இதற்கு உடம்பு கண்ட வழி துணிச்சலானது. வளரும் ஒவ்வொரு டி செல்லும் தன் டி.என்.ஏ.-வையே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஏற்பி என்னும் மேற்புறப் புரதத்துக்கான மரபணு, உடம்பின் மற்றச் செல்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. டி செல் அந்தத் துண்டுகளில் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் பொறுக்கிச் சேர்க்கிறது. இணைப்பில் சில எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. எதிர்ப்பொருளின் மரபணுவில் இப்படி நடக்கிறது என்று சுசுமு டோனெகாவா 1976-இல் காட்டினார். டி செல்லின் ஏற்பியும் அப்படியே உருவாகிறது என்பதை 1984-இல் மார்க் டேவிஸ் குழுவும் டாக் மாக் குழுவும் தனித்தனியே கண்டன. விளைவாக, ஒரே உடம்பில் கோடிக்கணக்கான வெவ்வேறு ஏற்பிகள். இதுவரை உலகில் தோன்றாத வைரஸுக்கும் பொருந்தக்கூடிய ஏற்பி ஒன்று உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு.

குருட்டாம்போக்கில் செய்ததற்கு ஒரு விலை உண்டு. அப்படி உருவாகும் ஏற்பிகளில் பெரும்பாலானவை எதற்கும் பொருந்தாத வெற்று ஏற்பிகள். வேறு சில நம் இன்சுலினுக்கோ நரம்புறைக்கோ இதயத் தசைக்கோ பொருந்திவிடும். இவற்றைக் களைவதுதான் தைமஸின் வேலை. சுரப்பியின் வெளிப்பகுதியில் முதல் சோதனை: நம் செல்கள் தம் புரதத் துணுக்குகளை ஏந்திக் காட்டும் புரதத்தாங்கியை ஓரளவாவது தொட்டுணர முடிகிறதா? முடியாத செல் கவனிப்பாரின்றி மடியும். உட்பகுதியில் இரண்டாம் சோதனை: நம் சொந்தப் புரதத்தைக் கண்டதும் இறுகப் பற்றிக்கொள்கிறதா? பற்றினால் அதற்கும் சாவுதான். உள்ளே நுழையும் செல்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகின்றன. இடுகாடு என்று முன்னோர் கண்டது பொய்யில்லை.

இன்சுலின் சுரப்பது கணையம். தைமஸில் இருக்கும் செல்லுக்கு இன்சுலினைக் காட்டுவது யார்? இந்தக் கேள்விக்கான விடை பின்லாந்தியரிடையே அதிகம் காணப்படும் ஓர் அரிய நோயிலிருந்து வந்தது. ‘எய்ர்’ என்னும் ஒரே மரபணு கெட்டுப்போனவர்களுக்கு அட்ரீனல், பாராதைராய்டு என்று ஒரே நேரத்தில் பல சுரப்பிகள் தாக்கப்படும். அந்த மரபணு 1997-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வேலை என்ன என்பதை 2002-இல் டயான் மாத்திஸ், கிறிஸ்டோஃப் பென்வா குழு சுண்டெலிகளில் காட்டியது. தைமஸின் உட்பகுதிச் செல்கள், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத உறுப்புகளின் புரதங்களை எய்ர் மரபணுவின் துணையோடு சிறிதளவு தயாரித்து, வளரும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. கணையம், கண், கல்லீரல் என்று உடம்பு முழுவதன் மாதிரியும் மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பிக்குள் இருக்கிறது. டி செல் ஆய்வில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் அசத்திய செய்தி இதுதான்.

வேற்றுப்பொருளை மட்டும் பார்ப்பதில்லை

எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிதக்கும் கிருமியை நேரே பற்றும். டி செல் அப்படிப் பற்றாது. அது பார்ப்பது வேறொரு செல்லின் மேற்புறத்தை மட்டுமே. இதைக் கண்டவர்கள் கான்பெராவில் ஒரே ஆய்வறையைப் பகிர்ந்துகொண்ட இருவர். ஒருவர் கால்நடை மருத்துவம் படித்த ஆஸ்திரேலியர் பீட்டர் டோஹர்ட்டி, மற்றவர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ரோல்ஃப் சிங்கர்நாகல். மூளையுறையைத் தாக்கும் ஒரு வைரஸைச் சுண்டெலிக்குக் கொடுத்து, சில நாள் கழித்து அதன் டி செல்களை எடுத்தார்கள். அதே வைரஸ் தொற்றிய வேறு செல்களைக் கதிரியக்கக் குரோமியம் ஏற்றி ஆய்வுத்தட்டின் குழிகளில் வைத்து, மேலே டி செல்களை ஊற்றினார்கள். செல் உடைந்தால் குரோமியம் வெளியே கசியும். அதை அளந்தால் எத்தனை செல் செத்தது என்று தெரிந்துவிடும். தொற்றிய செல்கள் அதே இனச் சுண்டெலியுடையவையாக இருந்த குழிகளில் குரோமியம் கசிந்தது. வேறு இனச் சுண்டெலியின் செல்களில், அதே வைரஸ் இருந்தும், கசியவில்லை.

டி செல்லுக்கு வைரஸ் மட்டும் போதவில்லை. தன் இனத்தின் அடையாளமும் கூடவே தெரிய வேண்டியிருந்தது. 1974-இல் வந்த சின்னக் கட்டுரை அது; 1996-இல் நோபல் பரிசு. அந்த அடையாளம் எம்.எச்.சி. என்னும் புரதத்தாங்கி. மனிதரில் அதை எச்.எல்.ஏ. என்பார்கள். சிறுநீரக மாற்றுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பழகிய சொல் அது: “எச்.எல்.ஏ. பொருந்தியிருக்கா?” உறுப்பு மாற்றுக்குத் தொல்லை தருவதற்காகவா இயற்கை இதைப் படைத்தது என்று பல ஆண்டு குழம்பிக்கொண்டிருந்த கேள்விக்குக் கான்பெராவில் பதில் கிடைத்துவிட்டது. செல்லுக்குள் நடப்பதை வெளியே காட்டத்தான் அது இருக்கிறது.

எப்படிக் காட்டுகிறது என்பது 1987-இல் கண்ணுக்கே தெரிந்தது. பமீலா பியார்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் ஆகியோர் எச்.எல்.ஏ. புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தபோது, மேற்புறத்தில் நீளமான ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்துக்குள் அவர்கள் வைக்காத ஏதோ ஒன்றும் இருந்தது. அது ஒரு புரதத் துணுக்கு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, எட்டிலிருந்து பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளாக இந்தப் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, டி செல் அந்தத் துணுக்கைப் பார்த்துச் செல்லின் உட்புறத்தைக் கணிக்கிறது. நம் புரதத் துணுக்காக இருந்தால் நகர்ந்துவிடும். வைரஸின் துணுக்கு தெரிந்தால், வெளியே ஒரு குறையும் தெரியாத அந்தச் செல்லைக் கொல்லும். வைரஸ் செல்லுக்குள் ஒளிந்துகொண்டாலும் இந்த ஏற்பாட்டிடம் எளிதில் ஒளிய முடியாது.

கொல்லும் விதமும் நிதானமானது. கொல்லும் டி செல் இலக்கோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தைச் சுற்றி வேலிபோல் புரதங்கள் வளையமிடுகின்றன. அந்த வளையத்துக்குள் மட்டும் பெர்ஃபோரின், கிரான்சைம் ஆகியவை வெளியிடப்படுகின்றன. பெர்ஃபோரின் துளையிட, கிரான்சைம் உள்ளே போய் இலக்குச் செல் தானே மடியும் நிகழ்வைத் தொடங்கிவைக்கிறது. பக்கத்துச் செல்லுக்குச் சேதமில்லை. பிறகு டி செல் விலகி அடுத்த செல்லைத் தேடிப் போகிறது.

நெறிகட்டும்போது

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறிகட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வீக்கம் ஒரு நிணநீர்க் கணு. ஒரு குறிப்பிட்ட துணுக்குக்குப் பொருந்தும் புதிய டி செல், ஏறத்தாழ லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அது காலில் குத்திய முள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? தேடிப் போவதில்லை. காயத்தில் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல் கிருமியை விழுங்கி, நறுக்கி, துணுக்குகளை ஏந்திக்கொண்டு நிணநீர் வழியே அருகிலுள்ள கணுவுக்கு வருகிறது. டி செல்கள் கணுவுக்குக் கணு ஓயாமல் சுற்றிவருகின்றன. ஒரு கணுவில் ஒரு நாளளவு தங்கி, வந்து நிற்கும் டென்ட்ரைட்டிக் செல்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கின்றன. பொருந்தும் செல் கிடைத்துவிட்டால் அது அங்கேயே நின்று பெருகத் தொடங்கும். ஒரு வாரத்துக்குள் ஒன்று பல ஆயிரமாகும். தொட்டால் வலிக்கும் அந்தக் கட்டி, இந்தப் பெருக்கத்தால் வந்தது. காய்ச்சல் வந்து ஓரிரு நாளிலேயே குணம் தெரியாததற்கும் இதுவே ஒரு காரணம். நோய் அடங்கியதும் பெருகியவற்றில் பெரும்பகுதி மடிந்துவிடும். மிஞ்சுபவை நினைவுச் செல்களாக நீண்ட காலம் இருக்கும். 2003-இல் சார்ஸ் நோய் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில், அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் 17 ஆண்டுக்குப் பிறகும் இருந்ததைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2020-இல் கண்டார்கள்.

பொருந்தும் துணுக்கைக் கண்டால் மட்டும் டி செல் கிளர்ந்துவிடாது என்பது இங்கே முக்கியம். இரண்டாவது சமிக்ஞை ஒன்று வேண்டும். டென்ட்ரைட்டிக் செல் கிருமியின் தடயத்தை உணர்ந்திருந்தால்தான் அதன் மேற்புறத்தில் பி7 என்னும் புரதம் தோன்றும். அது டி செல்லின் சி.டி.28 என்னும் புரதத்தைத் தொட வேண்டும். முதல் சமிக்ஞை ‘இதுதான்’ என்கிறது, இரண்டாவது ‘ஆபத்து உண்மைதான்’ என்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் கிடைத்தால் டி செல் செயலிழந்து முடங்கிவிடும். தைமஸின் சல்லடையில் தப்பித்துவந்த சில தவறான செல்களை அடக்கிவைக்க இது இரண்டாவது தடுப்பு.

இந்தத் தடுப்பைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை 2006 மார்ச் 13 அன்று லண்டனில் பார்த்தார்கள். டி.ஜி.என்.1412 என்னும் புதிய மருந்து, சி.டி.28-ஐ நேரடியாகத் தூண்டும் எதிர்ப்பொருள். முதல் சமிக்ஞை இல்லாமலே டி செல்லைக் கிளப்பிவிடக்கூடியது. நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், நல்ல உடல்நலத்தோடு இருந்த ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அதை ஏற்றினார்கள். வேறு இருவருக்கு வெறும் திரவம். விலங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குளிர்காய்ச்சல். மறுநாளைக்குள் ஆறு பேருக்கும் நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழக்கத் தொடங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். டி செல்கள் ஒரே நேரத்தில் சைட்டோகைன் என்னும் அழற்சிப் புரதங்களைக் கொட்டித் தீர்த்திருந்தன. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களை இழந்தார். குரங்குகளில் ஏன் இது தெரியவில்லை? கிளர்ச்சிக்குக் காரணமான அனுபவப்பட்ட டி செல்களில், சோதனைக்குப் பயன்பட்ட குரங்கினத்துக்குச் சி.டி.28 இருப்பதில்லை. மனிதருக்கு இருக்கிறது.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் மாவு, பானம், மாத்திரை விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு பேர் நினைவு வரும். அந்த மாவுகள் அப்படி எதையும் செய்வதில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

நாகோயாவின் விடுகதை

மூன்றாம் நாள் தைமஸ் எடுத்த எலிகளுக்குத் திரும்புவோம். நாகோயாவின் அய்ச்சி புற்றுநோய் மையத்தில் அதைச் செய்த நிஷிசுகாவும் சகாகுராவும், சூலகத்துக்குத் தேவையான ஹார்மோன் ஏதோ தைமஸில் சுரக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். பின்னால் அங்கே ஆய்வுக்கு வந்த இளைஞர் ஷிமோன் சகாகுச்சிக்கு அது சரியாகப் படவில்லை. நலமான எலியின் முதிர்ந்த டி செல்களை எடுத்து நோயுற இருந்த எலிக்குச் செலுத்தினார், நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களிலேயே ஒரு பகுதி மற்ற டி செல்களை அடக்கிவைக்கிறது.

அவர் இதைச் சொன்ன காலம் சரியில்லை. ‘அடக்கும் டி செல்’ என்ற கருத்து 1970-களில் கொடிகட்டிப் பறந்தது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட மரபணு, சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று 1980-களில் தெரிந்ததும் துறையே அந்தப் பேச்சைக் கைவிட்டிருந்தது. சகாகுச்சி விடவில்லை. 1995-இல் அந்தச் செல்களை மேற்புற அடையாளமான சி.டி.25-ஐக் கொண்டு பிரித்துக் காட்டினார்.

மற்றொரு நூல் அமெரிக்காவில் அவிழ்ந்தது. அணுகுண்டுத் திட்டத்துக்காக உருவான ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், 1940-களில், தோல் செதில் செதிலாக உரியும் ஒரு சுண்டெலிக் குடும்பம் தற்செயலாகப் பிறந்தது. அதன் ஆண் குஞ்சுகள் சில வாரங்களில் செத்துப்போயின. மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் அந்தக் கோளாறை எக்ஸ் குரோமோசோமில் தேடித் தேடி, கடைசியில் இருபது மரபணுக்கள் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு பகுதிக்கு வந்து, இருபதாவதில் கண்டுபிடித்தார்கள். 2001-இல் அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். மனிதக் குழந்தைகளில் அதே மரபணு கெட்டால், பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய், ஓயாத வயிற்றுப்போக்கு, தோல்நோய் எல்லாம் வருகின்றன. இரண்டு ஆண்டுக்குள் சகாகுச்சியின் செல்களை ஆள்வதும் அதே மரபணுதான் என்பது தெரிந்தது.

விடுகதை அவிழ்ந்தது. சகாகுச்சி கண்ட இந்தக் கட்டுப்படுத்தும் டி செல்கள் மற்றவற்றைவிடச் சில நாள் பிந்தியே தைமஸை விட்டு வெளியேறுகின்றன. பிறந்த அன்றே சுரப்பியை எடுத்தால் யாரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். எலிக்குக் காவல் இல்லை. மூன்றாம் நாள் எடுத்தால் தாக்குபவர்கள் வந்துவிட்டார்கள், தடுப்பவர்கள் வரவில்லை.

தாக்கும் செல்லிலேயே வேறு தடைகளும் உண்டு. கிளர்ந்த டி செல்லின் மேற்புறத்தில் சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்னும் புரதங்கள் தோன்றி அதன் வேகத்தைக் குறைக்கும். புற்றுக்கட்டிகள் இந்தத் தடைகளைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன. ஜேம்ஸ் அலிசன் 1996-இல் சுண்டெலிகளில் சி.டி.எல்.ஏ.-4-ஐ மறித்தபோது கட்டிகள் கரைந்தன; பி.டி.-1-ஐக் கண்டவர் டசுகு ஹோஞ்சோ. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு. மெலனோமா என்னும் தோல் புற்றுக்கு இந்த வகையில் முதல் மருந்து 2011-இல் வந்தது. தடையை எடுத்தால் பலனோடு விலையும் வரும்: இந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குக் குடலும் தைராய்டும் தாக்கப்படுகின்றன. டி செல்லையே வெளியே எடுத்து, புற்றணுவைக் காணும் செயற்கை ஏற்பியைப் பொருத்தித் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2017-இல் 4,75,000 டாலர் விலை வைத்தார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.-யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023-இல் இந்திய அனுமதி கிடைத்தது. செலவு அப்போது முப்பது நாற்பது லட்சம் ரூபாய் அளவில். குறைவுதான், ஆனால் யாருக்குக் குறைவு என்பது தனிக் கேள்வி.

ஒரே கிருமி, இரண்டு நோய்

பி செல்லுக்குத் துணைநிற்கும் உதவி டி செல் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதை 1981-க்குப் பிறகு உலகம் எய்ட்ஸில் கண்டது. எச்.ஐ.வி. நுழையும் வாசலே அந்தச் செல்லின் சி.டி.4 புரதம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை 1986-இல் முதலில் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். எச்.ஐ.வி.-க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் “சிடி ஃபோர் எவ்வளவு?” என்று கேட்கப்படும் எண்ணிக்கை, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் உள்ள உதவி டி செல்களின் கணக்கு. ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டியது இருநூறுக்குக் கீழே போனால், காலம் முழுக்க நாம் சுவாசித்தும் ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட உயிரை எடுக்கும்.

டி செல் குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து என்பதை ஒரே நோயில் பார்க்க வேண்டுமென்றால் தொழுநோயைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்குத் தொற்றும் கிருமி ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் இரட்டிப்பாகும் சோம்பேறிக் கிருமி. பெரும்பாலோருக்கு அது நோயாகவே மாறுவதில்லை. மாறியவர்களில் ஒருவருக்கு உடம்பில் ஒன்றிரண்டு வெளிறிய திட்டுகள் மட்டும் வரும். தோலைக் கிள்ளியெடுத்துப் பார்த்தால் கிருமி தென்படாது, டி செல்கள் அடர்ந்திருக்கும். மற்றவருக்கு முகமும் காதும் தடித்துக் கணு கணுவாகும். தோலில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், அதற்கெதிரான டி செல் ஏறத்தாழ இருக்காது. இந்த இரு கோடிகளுக்கும் நடுவே உள்ள படிகளை ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966-இல் வகுத்தார்கள். வகைப்பாடு கிருமியைப் பொறுத்ததல்ல, நோயாளியின் டி செல்லைப் பொறுத்தது.

நரம்புக்கு நேரும் சேதம் இதில் கவனிக்க வேண்டியது. கிருமி நரம்புறைச் செல்லுக்குள் குடியிருக்கிறது. டி செல்கள் அதை அங்கே கண்டு அழற்சியைக் கிளப்பும்போது, நெருக்கமான உறைக்குள் நரம்பு வீங்கி நசுங்குகிறது. சிகிச்சை நடக்கும்போதே, உடம்பின் எதிர்ப்பு திடீரென்று தலைதூக்கிச் சில நாளில் கை மடங்கிப்போவதும் கால் தொங்கிப்போவதும் உண்டு. அப்போது மருத்துவர் கிருமி மருந்தை நிறுத்தாமல், டி செல்லை அடக்கும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுக்கிறார். உணர்ச்சி போன விரல்கள் அழுகி விழுவதில்லை, சூடும் வெட்டும் தெரியாததால் காயம்பட்டுத் தேய்கின்றன என்பதை 1940-களின் இறுதியிலிருந்து வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தியவரும் அவரே.

உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்னும் இந்தியாவில்தான். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம்; நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். ஆனால் செத்த நரம்பு திரும்ப வராது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தொட்டால் தெரியாத, வியர்க்காத தேமல் ஒன்று இருந்தால், அரிக்கவில்லை வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.